எழுந்து நின்ற கொசு

என் அக்கா நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில்தான் உட்காருவாள், யாரோ கூப்பிடப் போகிறார்கள், உடனே எழுந்து ஓட வேண்டும் என்பதுபோல. எங்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. அவள் கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் என் எழுத்து கோணும். "மேசைக்குக் குளிர்ஜுரமா?" என்று கேட்டால் நிறுத்துவாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

கிராஃபிக் டிசைன் படித்து முடித்து அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் எல்லாரையும் போலக் கிளம்புவாள், மாலையில் எல்லாரையும் போலக் களைத்து வருவாள். ஆனால் போன இடத்திலெல்லாம் அவளுக்குப் பெயர் ‘இன்டர்ன்’, பயிற்சிக்கு வந்தவள். அப்பா சரக்கு வேன் ஓட்டுகிறவர். எதைப் பற்றிப் பேசினாலும் வண்டியில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார்.

"நான் வண்டி கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்க ஒண்ணரை மாசம் ஆச்சு. இவ ரெண்டு வருஷமா எல் போர்டு மாட்டிக்கிட்டே ஓடறா."

"உங்களுக்கு வண்டி ஒண்ணுதான்பா. எனக்கு ஒவ்வொரு எடத்துலயும் வேற வண்டி."

"எந்த வண்டியா இருந்தாலும் பிரேக் ஒரே எடத்துலதான்டி இருக்கும்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு, செருப்பை நடந்துகொண்டே மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

முதல் இடம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் அக்கா, அவள் தோளுக்குப் பின்னால் வாடிக்கையாளர். விசிட்டிங் கார்டு செய்ய வருகிறவர்கள் திரையிலேயே விரலை வைத்து, "இத இப்படி இழு, அத அங்க தள்ளு, கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணு" என்பார்கள். மாலையில் திரையைத் துடைத்தால் துணி பிசுபிசுக்கும். புகைப்படங்களில் முடி முடியாக வெட்டிப் பின்னணியை வெள்ளையாக்க அங்கேதான் கற்றுக்கொண்டாள். "ஊர்ல பாதிப் பேர் தலையத் தடவிட்டேன்" என்று வீட்டில் வந்து சொல்வாள். மூன்று மாதம் முடிந்ததும் கடைக்காரர், "சான்றிதழ் ஒண்ணு நீயே டிசைன் பண்ணிக்கோம்மா" என்று சொல்லி, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாவது இடம் பெரிய விளம்பர நிறுவனம். கண்ணாடிக் கதவு. கதவைத் திறக்கும் அட்டை இன்டர்ன்களுக்குக் கிடையாது. கழிவறைக்குப் போய் வந்தால், உள்ளே போகிற யாராவது வரும்வரை வெளியே நிற்க வேண்டும். அங்கே யாரோ செய்த ஒரு பானத்தின் விளம்பரத்தை நீளமாக, அகலமாக, சதுரமாக, கைபேசிக்குள் அடங்குகிற பட்டையாக, நாற்பத்திரண்டு அளவுகளில் மாற்றிக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு முடிந்ததும் பாட்டிலின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். மறுபடி நாற்பத்திரண்டு. நான்கு மாதம் போனது. கடைசி நாளில் மேலாளர் அவளைப் பார்த்து, "புதுசா சேந்திருக்கியா?" என்று கேட்டார்.

அதன் பிறகு வேலைக்கென்று அவள் ஏறிய படிகளை நான் எண்ணவில்லை. எல்லா இடத்திலும் கேட்டது ஒன்றுதான்: "செஞ்சதக் காட்டு." அவள் தன் வேலைகளைச் சேர்த்து வைத்திருந்த கறுப்புக் கோப்பைத் திறப்பாள். ஒரு பக்கத்தில் தலைமுடி, மறுபக்கத்தில் பாட்டில். "இதுல நீ எது?" என்பார்கள். "அளவு மாத்தினது நான்" என்று சொல்ல அவளுக்கே நாக்கு எழாது. சொந்தமாக வரைந்து பார்த்தவையும் கோப்பில் இருந்தன. அவற்றை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். அச்சாகி, கடைக்குப் போய், ஒருவர் கையில் பிடித்த பொருள் ஒன்றுகூட அதில் இல்லை.

மூன்றாவது இடத்தில் அது கிடைக்கும் என்று நினைத்தாள். டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய ஸ்டுடியோ அது. அட்டைப் பெட்டிகளுக்கும் உறைகளுக்கும் மட்டும் வடிவமைப்பு செய்கிறவர்கள். வீட்டுக்கு வந்தால் அவள் துப்பட்டாவில் ரப்பர் வாசனை அடிக்கும். முதலாளிக்கு ஆறடி உயரம், கண்ணாடி, கேட்டவர் நடுங்குகிற குரல். எதைக் காட்டினாலும் "ஜூம் பண்ணு" என்பார். பெரிதாக்கினால், "இன்னும்" என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஜூம் சார் என்று பெயர். அக்காவோடு இன்னொரு இன்டர்னும் இருந்தான். காதில் எப்போதும் பெரிய ஹெட்போன். அதனால் அவனுக்கு ஹெட்போன் என்றே பெயர்.

சேர்ந்த அன்றே ஜூம் சார் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னாராம்: "நாலு மாசம். முடிவுல ஒருத்தர வேலைக்கு எடுத்துக்குவேன். ஒருத்தரத்தான். அழுதாலும் ரெண்டு நாற்காலி போட எடம் இல்ல."

அந்த ஒரு நாற்காலிதான் எங்கள் வீட்டில் நான்கு மாதமும் பேச்சு. அம்மா தையல்காரி. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அந்தப் பையன் எப்படி? கெட்டிக்காரனா?" என்று விசாரிப்பாள்.

"நல்லா பண்றான்மா."

"நல்லவனா இருந்தா கஷ்டம். கெட்டவனா இருந்தா போட்டி போடலாம்."

ஹெட்போன் நல்லவன்தான். மதியம் தன் டப்பாவைத் திறந்து, "இன்னிக்கு எங்கம்மாவுக்குக் கோபம், உப்பு தெரியும்" என்று சொல்லிப் பாதியை டப்பா மூடியில் வைத்து அக்காவிடம் தள்ளுவான். அவன் திறமையைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வரும். டப்பாவைத் திறந்ததும் அந்த எரிச்சலை நினைத்து வெட்கம் வரும்.

மூன்று மாதம் ஆனபோது கொசுவர்த்திச் சுருள் பெட்டி வந்தது.

அகலமான, தட்டையான பெட்டி. கடை அலமாரியில் நின்றபடி இருக்கும். முன்பக்கம் கம்பெனி பெயர். பின்பக்கம் இரண்டு மொழிகளில் உபயோகிக்கும் முறை, அதன் கீழே கால்களை மேலே தூக்கிச் செத்துக் கிடக்கும் ஒரு கொசு. வேலை ஹெட்போனுக்குக் கொடுக்கப்பட்டது. கொசுவை மட்டும் அக்கா வரைந்தாள். இரண்டு நாள் வரைந்தாள். வீட்டில் ஒரு கொசு அகப்படக் கூடாது, அடித்துத் தாளில் வைத்துக்கொண்டு கால்களை எண்ணுவாள்.

பெட்டியை வடிவமைப்பது விரித்த அட்டையில். மேலே பின்பக்கம், அதன் கீழே மூடிப் பட்டை, அதன் கீழே முன்பக்கம், அடியில் அடிப்பட்டை என்று நான்கும் ஒரே நீளமாக இருக்கும். அதை மடித்தால்தான் பெட்டி.

அந்த வார வியாழக்கிழமை ஹெட்போன் பல் பிடுங்கப் போயிருந்தான். பின்பக்க வாசகத்தில் திருத்தம் இருந்தது. ஜூம் சார் அக்காவிடம், "ஃபைல் இருக்கு, வாசகத்த மட்டும் மாத்தி நாளைக்குக் காலைல அச்சுக்கு அனுப்பிடு" என்றார். எனக்கு இரண்டு மொழியிலும் பிழை பார்க்கத் தெரியும் என்பதால் அக்கா அதைத் தாளில் எடுத்து என்னிடம் கொண்டுவந்தாள். நான் மேசையில் வைத்துப் படித்தேன். ஒரு இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது, ஒரு சொல் இரண்டு தடவை வந்திருந்தது. குறித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன்: "இந்தப் பக்கம் மட்டும் தலைகீழா இருக்குக்கா. தாளத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டியதாயிருச்சு."

"அப்படியா?" என்று வாங்கிப் பார்த்தாள். பின்பக்கம் முழுதும் தலைகீழாகத்தான் இருந்தது. கொசு செத்துக் கிடக்காமல் ஆறு கால்களையும் ஊன்றி நின்றது.

மறுநாள் காலை வாசகத்தைத் திருத்தினாள். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. அனுப்பப் பத்து நிமிடம் இருக்கும்போது, பின்பக்கத்தை மொத்தமாகப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டாள். திரையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. எழுத்து படிக்க வந்தது. கொசு மரியாதையாகச் செத்துக் கிடந்தது. ஹெட்போனுக்கு ஒரு உதவி செய்துவிட்டதாக நினைத்தாள்.

அந்த ஸ்டுடியோவில், ஒரு ஃபைலில் கடைசியாக வேலை பார்த்தவரின் பெயர் அந்த ஃபைல் பெயரின் கடைசியில் வர வேண்டும் என்று வழக்கம். வாசகத் திருத்தம்தானே, அவன் வேலையில் நம் பெயரை ஒட்டுவானேன் என்று அவன் பெயரிலேயே சேமித்து அனுப்பினாள்.

பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, சுருள் கம்பெனிக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் நிறுத்தி, மெதுவாகப் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"சார், நாங்க கொசுவக் கொல்றதுக்குக் கம்பெனி நடத்தறோம். நீங்க அத எழுப்பி நிக்க வச்சிருக்கீங்க. அடுத்த தடவ பறக்க விடுவீங்களா?"

எழுத்தெல்லாம் தலைகீழ். அதன் மேல் ஆறு காலையும் ஊன்றி, அக்கா இரண்டு நாள் வரைந்த கொசு நின்றுகொண்டிருந்தது. ஒரு லட்சம் பெட்டி அச்சாகியிருந்தது. முதல் கட்டு மட்டும் கம்பெனிக்குப் போயிருந்தது; மிச்சம் அச்சகத்தில் மடிக்காமல் கிடந்தது.

ஜூம் சார் ஃபைலைத் திறக்கச் சொன்னார். அக்காவிடம் கொடுத்தது வாசகம் மட்டும்தான் என்ற நினைப்பில், பெயரை மட்டும் பார்த்தார். ஹெட்போன் காதிலிருந்ததைக் கழற்றி, "நான் சரியாத்தான் சார் வச்சேன். மடிச்சுப் பாத்துத்தான் வச்சேன்" என்றான்.

"அப்ப ஃபைல் தானா எந்திரிச்சுத் திரும்பிப் படுத்துக்கிச்சா?"

"எனக்குத் தெரியல சார்."

"தெரியாதவன் எதுக்கு இங்க? நாளைலேர்ந்து வராத."

அக்கா அவர்களுக்கு நான்கு அடி தள்ளி, தன் நாற்காலியின் விளிம்பில் இருந்தாள். தான் நேராகத் திருப்பியதுதான் மடித்ததும் தலைகீழாகியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஹெட்போன் சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டு, அவளைப் பார்த்து, "டப்பா மூடி உங்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொல்லி, மூடியை வாங்கிக்கொண்டு போனான்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று மாலை நான் பார்த்தது, வந்ததும் வராததுமாக அறையைப் பெருக்கத் தொடங்கிய அக்காவை. பெருக்கி முடித்து, மேசையை ஜன்னல் பக்கம் தள்ளினாள். சரியில்லை என்று மறுபடி சுவர்ப் பக்கம் தள்ளினாள். செவ்வாய்க்கிழமை பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கும் பின்கதவுக்கும் நடந்தாள். "நின்னு துலக்கு, நுரையெல்லாம் தரையில" என்று அம்மா கத்தினாள். அப்பா, "என்ன, நாற்காலி கெடச்சிருச்சா?" என்று கேட்டார். "கெடைக்கும்போல இருக்கு" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை.

புதன்கிழமை அந்தப் பெட்டி ஒன்றைப் பையில் கொண்டுவந்திருந்தாள். அதைச் சாப்பாட்டு மேசையில் விரிப்பாள், மடிப்பாள், மறுபடி விரிப்பாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி அது?"

"விரிச்சா நேரா இருக்கு, மடிச்சா தலைகீழா இருக்கும்மா."

அம்மா பெட்டியை வாங்கக்கூட இல்லை. "தோள்ல தையல் இல்லாம ஒரே துணியா அங்கி வெட்டினா, முன்னால பூவெல்லாம் நிமிந்து இருக்கும், முதுகுல எல்லாம் கவுந்து இருக்கும். அந்த மாதிரிதானே? பூப்போட்ட துணிய அப்படி வெட்டக் கூடாதுன்னு தையல் பழகின மொத வாரமே சொல்லிடுவாங்க. எந்த மடையன் பண்ணினான் இத?"

அக்கா பெட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். எனக்குத் தாளும், நான் திருப்பித் திருப்பிப் படித்ததும் ஞாபகம் வந்தது.

அறைக்கு வந்ததும் கேட்டேன். "அக்கா, தலைகீழா இருக்குன்னு நான்தான் சொன்னேன், இல்ல?"

"நீ படிக்கிறவ. படிக்க வரலன்னு சொன்ன. மடிச்சுப் பாக்க வேண்டியது நான்."

"சார்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

எழுந்தாள். ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்தாள். "இன்னும் பன்னெண்டு நாள்தான். அவன் இல்ல. இப்ப நான் ஒருத்திதான். புரியுதா? கண்ண மூடிக்கிட்டு பன்னெண்டு நாள் போனா நாற்காலி எனக்கு."

"சொன்னா?"

"சொன்னா நாலாவது எடத்துல போய் மறுபடி இன்டர்ன்."

பேசத் தெரிந்தவள் யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருப்பாள். அக்காவே, "மூடிய மறக்காம வாங்கிட்டுப் போனான் பாரு" என்றாள். எந்த மூடி என்று நான் அன்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்பினாள். பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாளாம். ஜூம் சார் வந்து பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெழம சொல்லியிருந்தா ஒரு தப்பு. இன்னிக்குச் சொல்றதால ரெண்டு தப்பு."

"ஆமா சார்."

"அவன் நாலு நாள் வீட்ல என்ன சொல்லிட்டு உக்காந்திருப்பான்?"

அவர் ஹெட்போனுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். "காதுல மாட்டிக்கிட்டுத் திரியறவன் போன எடுக்க மாட்டேங்கறான்" என்று முணுமுணுத்தார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"திரும்ப அச்சடிக்க அவங்களுக்கு நேரமில்ல. பின்பக்கத்து மேல ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தா ஒத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஸ்டிக்கர நீ செய். அச்சகத்துல நீயே நின்னு கடைசிப் பெட்டி வரைக்கும் ஒட்ட வை. அதோட உன் நாள் முடியுது. சான்றிதழ் தர்றேன்."

"நாற்காலி அவனுக்குத்தானே சார்?"

"அதக் கேக்கற உரிமை உனக்கு இல்ல," என்றார். பிறகு, "அவனுக்குத்தான்" என்றார்.

ஹெட்போன் அன்று மாலை அவளை அழைத்தான். அவள் பேச ஆரம்பிப்பதற்குள், "வீட்ல லீவுன்னு சொல்லியிருந்தேன். எங்கம்மா நாலு நாளும் எனக்குப் பிடிச்சதா சமைச்சுப் போட்டாங்க. ஒரு வாய் எறங்கல" என்றான். "மன்னிச்சிரு" என்றாள். "சரி" என்று வைத்துவிட்டான். மன்னித்தானா என்பது அந்தச் ‘சரி’யில் இல்லை.

அச்சகம் ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. உள்ளே போனால் இயந்திரச் சத்தத்தில் நெஞ்சு அதிரும். பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். ஒரு ஓரத்தில் நீள மேசை, அதைச் சுற்றி ஆறு பெண்கள். கையால் செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். நடுவில் உட்கார்ந்திருந்தவளின் கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடும். அவளை எல்லாரும் மின்னல் என்று கூப்பிட்டார்கள். காதில் பென்சில் செருகிய பெண் மேற்பார்வையாளர் அக்காவை மேசையின் முன் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

மின்னல் ஒரு அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "இந்தக் கொசுவ எழுப்பிவிட்ட மகராசி யாரு?"

"நான்தான்."

ஒரு கணம் கைகள் நின்றன. பிறகு ஆறு பேரும் சிரித்தார்கள்.

"அடிப்பாவி! மூஞ்சியப் பாத்தா கொசு கடிச்சாக்கூட ‘வலிச்சுதா’ன்னு அதைக் கேக்கறவ மாதிரி இருக்க!"

ஸ்டிக்கர் நன்றாக வந்திருந்தது. பின்பக்கத்தை முழுதாக மூடும் அளவு. எழுத்தின் நடுவே காற்றோட்டம். கொசுவை அக்கா இந்தத் தடவை இன்னும் தெளிவாகக் கொன்றிருந்தாள். அவள் ஒன்றைத் தலைகீழாக ஒட்டிக் காட்டினாள். "விரிச்ச அட்டைல தலைகீழா ஒட்டணும். மடிச்சா நேராயிடும்." எல்லாரும் தலையாட்டினார்கள். மின்னல் மடமடவென்று பத்து ஒட்டினாள். பத்தும் நேராக இருந்தன.

"அக்கா, தலைகீழா."

"அட, ஆமா." அடுத்த ஐந்து சரியாக வந்தன. ஆறாவது மறுபடி நேர். பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே. சொன்னது புரிகிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. எழுத்தைப் பார்த்தால் கை தானாக அதைப் படிக்கிற பக்கம் திருப்பிவிடுகிறது.

அக்கா மேசையின் ஓரத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக ஒட்டுகிற மின்னலின் கையும், அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து நிமிடத்தில் தான் செய்ததையே செய்கிறது. அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் சுபாவம் அது இல்லை; உட்காராமல் மேசையைச் சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்றில் நின்றாள். ஒரு கட்டு அட்டையை அப்படியே பிடித்து, மேல்பக்கம் கீழாக வரும்படி மின்னலின் முன்னால் திருப்பி வைத்தாள்.

"இப்ப ஒட்டுங்க. உங்க கண்ணுக்கு நேரா ஒட்டுங்க."

மின்னல் ஒட்டினாள். ஸ்டிக்கர் நேராக இருந்தது. அட்டையில் மற்றதெல்லாம் தலைகீழாக இருந்தது. மடித்தால் பெட்டி சரி.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள் மின்னல். ஒரு கட்டு முடிவதற்குள் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் அந்தப் பக்கமாகப் போனவர், நின்று ஒரு பெட்டியை மடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு நாள் ஒட்டினார்கள். அக்காவும் ஒட்டினாள். வீட்டுக்கு வந்தால் விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்துகொண்டிருக்கும். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். மேசையில் வேலை ஓடும்போது, அடுத்து அச்சுக்குப் போக இருக்கும் பெட்டிகளின் மாதிரித் தாள்களை எடுத்துக் கத்தரித்து மடிப்பாள். யாரும் மடிக்கச் சொல்லவில்லை. ஆறாம் நாள் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரிப் பெட்டி ஒன்றை மடித்தபோது, பசை தடவ வேண்டிய மடிப்பின் மேல் கம்பெனி பெயரின் பாதி போய் உட்கார்ந்திருந்தது. ஒட்டினால் பாதிப் பெயர் உள்ளே போய்விடும். அதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள்.

அவர் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து வட்டம் போட்டார். "வர்றத அடிக்கறதுதான் எங்க வேலை. ஸ்டுடியோக்காரன் அனுப்பறதப் படிச்சுப் பாக்க இங்க யாரும் இல்ல. மாசத்துக்கு ரெண்டு தடவ இப்படி ஏதாவது ஒண்ணு வந்து தொலையுது."

"படிக்க வேண்டாம் மேடம். மடிச்சுப் பாத்தாப் போதும்."

"யாரு மடிக்கறது?"

அக்கா இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு நடந்தாள். எட்டாம் நாள், கடைசிக் கட்டு ஒட்டி முடிந்து மின்னல் கையைக் கழுவப் போனதும், மேற்பார்வையாளரின் அறை வாசலில் போய் நின்றாள். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நான் மடிக்கறேன் மேடம். வர்ற ஒவ்வொரு ஃபைலும் மடிச்சுப் பாத்துட்டுத்தான் அச்சுக்குப் போகும். தப்பு இருந்தா டிசைன நானே சரி பண்ணித் தர்றேன்."

"கொசுவ எழுப்பிவிட்டவ நீதானே?"

"அதனாலதான் கேக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, ஆறு மாசம் இன்டர்னா வா. பாக்கலாம்."

ஏதோ ஒரு நல்ல பதில் வந்துவிட்டது என்று நினைத்து அவள் தலை பாதிவரை ஆடிவிட்டது. அதை அப்படியே நிறுத்தினாள்.

"இன்டர்னா வரல மேடம். மூணு எடத்துல இருந்துட்டேன். வேலைன்னு சொல்லிக் கூப்பிட்டா வர்றேன்."

"பிடிவாதம்."

"பிடிக்கலன்னா மூணு மாசத்துல போகச் சொல்லுங்க. ஆனா பேரு வேலைன்னு இருக்கணும்."

"நான் பெரியவர்கிட்டக் கேக்கணும். போ, சொல்றேன்."

பெரியவர் என்றால் முதலாளி. சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் நான்கு நாள் ஆராய்ச்சி நடந்தது. அம்மா, "சொல்றேன்னா இல்லன்னு அர்த்தம். நானும் வாடிக்கைக்காரங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவேன்" என்றாள். அப்பா, "சிக்னல் மஞ்சள்ல நிக்குது" என்றார். அக்கா போனை ஒரு அறையில் வைத்துவிட்டு இன்னொரு அறைக்குப் போவாள், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துக்கொள்வாள். ‘ஆறு மாதத்துக்குச் சரி என்றிருக்கலாம்’ என்று ஒரு மணிக்கும், ‘சொன்னதுதான் சரி’ என்று இரண்டு மணிக்கும் நினைப்பாள். கறுப்புக் கோப்பைப் பிரித்து அடுக்கினாள். ஜூம் சார் கொடுத்த மூன்றாவது சான்றிதழை முதலில் வைத்தாள், கடைசியில் வைத்தாள், எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் கொசுவர்த்திப் பெட்டி இரண்டைத் தட்டையாக வைத்தாள். ஒன்று ஸ்டிக்கர் இல்லாதது, ஒன்று ஒட்டியது.

"தப்பானத எதுக்குக்கா வைக்கற?" என்று கேட்டேன்.

"இதுல நீ எதுன்னு கேட்டா, ரெண்டும் நான்னு சொல்லலாம்ல."

ஐந்தாம் நாள் காலை அப்பா வேனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா பேசியது நான்கு "சரிங்க மேடம்" மட்டும். வெளியே ஓடினாள்.

"என்ன? வேலையா, பயிற்சியா?" என்றார் அப்பா, வாளியைக் கீழே வைக்காமலே.

"மூணு மாசம் பாப்பாங்களாம். பிடிச்சா நிரந்தரம்."

"அது என்ன லைசென்ஸ்?"

"தாள்ல ‘வேலை’ன்னு போட்டிருக்காங்களாம்பா."

அப்பா யோசித்தார். "அப்ப எல் போர்ட கழட்டிரு. ஆனா தூக்கிப் போட்டுராத."

இப்போது அவளுக்கு அச்சகத்தில் ஒரு மேசை இருக்கிறது. இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில், தூசி படிகிற இடத்தில். நிறையக் கத்தரிக்கிறாள், நிறைய மடிக்கிறாள். சொந்தமாக வரைவது வாரத்தில் ஒன்றிரண்டு ஸ்டிக்கர்தான். இதற்காகவா படித்தேன் என்று திங்கட்கிழமைகளில் கேட்கிறாள். அந்த மூன்று மாதம் முடிந்து, நிரந்தரம் என்று சொல்லியாகிவிட்டது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

டயர் கடை மாடியிலிருந்து வரும் ஃபைல்களின் கடைசியில் ஹெட்போனின் பெயர் இருக்கும். முதல் தடவை வந்தபோது நெடுநேரம் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு தாளில் எடுத்து, கத்தரித்து, மடித்தாள். சரியாக இருந்தது. பிரித்து மறுபடி மடித்தாள். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. அச்சுக்கு அனுப்பலாம் என்று அவனுக்கு எழுதுவதற்குள் அவனே அழைத்துவிட்டான். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவளிடம் பேசாதவன்.

"கொசு செத்துதா?" என்றான்.

"செத்துது."

"மடிச்சுப் பாத்தியா?"

"ரெண்டு தடவ."

"இன்னொரு தடவ பாரு" என்று சொல்லி வைத்துவிட்டான். அக்கா பார்த்தாள்.